அம்மாவுக்கு கிரீன் கார்டு கிடைக்கும். மகளும் கூடவே போக முடியுமா?

கேள்வி: எனக்கு 66 வயது. பிறந்தது, வாழ்வது எல்லாம் திருவொற்றியூர்தான். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன வருடம் சிட்டிசன்ஷிப் வாங்கிவிட்டான். அங்கே மருமகள், ஒரு பேரன். என்னிடம் பத்து வருட டூரிஸ்ட் விசா இருக்கிறது. இரண்டு முறை போய் ஐந்தைந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். மகளுக்கு 36 வயது, திருமணம் ஆகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். பாரிமுனையில் ஒரு ஏஜென்ட், "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கிரீன் கார்டாக மாற்றிக்கொள்ளலாம், மகளை உங்கள் டிபென்டன்ட் என்று சேர்த்துவிடலாம்" என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்கிறார். நான் வீட்டில் பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் இல்லை. என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, வணக்கம். அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் ஒரு பாதி நடக்கவே நடக்காது. மறு பாதி உங்களுக்கு அமெரிக்காவின் கதவையே நிரந்தரமாக அடைத்துவிடக்கூடியது.

நடக்காத பாதி உங்கள் மகள் விஷயம். எச்-1 விசாவில் போகிறவர்கள் மனைவி, பிள்ளைகளை எச்-4 இல் அழைத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து, 'டிபென்டன்ட்' என்றால் நம்மை நம்பி இருக்கிற யாரும் என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிவிட்டது. அமெரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 21 வயது நிரம்பிய குடிமகன் தன் பெற்றோருக்குக் கேட்கும் விசா 'மிக நெருங்கிய உறவினர்' என்ற பிரிவில் வருகிறது. இந்தப் பிரிவுக்கு வருடாந்திர உச்சவரம்பு இல்லை, அதனால் வரிசையும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் விசா; கூட ஒருவரை ஒட்டவைக்க முடியாது. மகளுக்கு 36 வயது என்பதால் அல்ல, பத்து வயதாக இருந்தாலும் இதே நிலைதான். உங்கள் கணவர் உயிரோடு இருந்திருந்தால்கூட உங்கள் இருவருக்கும் மகன் தனித்தனி விண்ணப்பம்தான் போட்டிருக்க வேண்டும்.

ஆபத்தான பாதி, டூரிஸ்ட் விசாவில் போய் மாற்றிக்கொள்வது. அமெரிக்காவுக்குள் முறையாக நுழைந்த ஒரு தாய் அங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் ஏஜென்ட் தைரியமாகப் பேசுகிறார். போன பிறகு சூழ்நிலை மாறி அந்த முடிவுக்கு வருவது வேறு. இங்கேயே திட்டம் போட்டுக்கொண்டு, விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது "பேரனைப் பார்க்க வந்தேன், திரும்பிவிடுவேன்" என்று சொல்வது வேறு. இரண்டாவது பொய்யான தகவல் தந்து நுழைந்ததாகிவிடும். அதற்குத் தண்டனை வாழ்நாள் தடை. அதிலும் நுழைந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சந்தேகம் உடனே வரும். இன்னொன்றையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். அங்கே விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட உங்களால் கிளம்பி வர முடியாது. மகளை டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய் அங்கே நிறுத்திவைத்தால் கதை இன்னும் மோசம். அவளுக்கு மாற்றிக்கொள்ள எந்தப் பிரிவும் இல்லை. அனுமதித்த நாளைத் தாண்டிய கணமே அவளுடைய விசா செல்லாது. 180 நாளைத் தாண்டித் தங்கிவிட்டு வெளியே வந்தால் மூன்று வருடத் தடை, ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்து வருடத் தடை.

நேர்வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், நீங்கள் எந்த ஊரில் வாழப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கிரீன் கார்டு என்பது அடிக்கடி போய்வர உதவும் சௌகரியமான விசா அல்ல. 'இனி என் வீடு அமெரிக்கா' என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் திருவொற்றியூரில் மகளோடு என்பதுதான் மனதில் இருக்கிற ஏற்பாடு என்றால், என் கருத்து: இப்போதைக்குக் கையில் இருக்கும் டூரிஸ்ட் விசாவே (பி-2) போதும். கிரீன் கார்டு வாங்கி, அதைக் காப்பாற்ற ஓடி ஓடிப் பறந்து, கடைசியில் இழந்து வருத்தப்படுகிற பெற்றோர் நிறைய பேர்.

பி-2 இல் தொடர்வதானால் கவனிக்க வேண்டியது சிலதுதான். விசா பத்து வருடம் என்பது வாசல்வரை போவதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை, நுழையும்போது பதிவாகும் ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் சொல்லும், பொதுவாக ஆறு மாதம். இறங்கிய உடனே மகனை அந்தத் தேதியை இணையத்தில் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அங்கே இருந்த காலத்தைவிட வெளியே இருந்த காலம் அதிகமாக இருக்கும்படி இடைவெளி விடுங்கள். இது சட்ட விதி அல்ல. ஆனால் திரும்பத் திரும்ப ஐந்து மாதம் தங்குகிறவர்களை அதிகாரிகள் துருவுவார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குச் செலவு கொடுப்பார்களா என்பதைப் பாலிசியில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் விலக்கு இருக்கும். மகன் உங்களுக்காக கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டுவிட்டால், அதன் பிறகு இதே விசாவில் போவது சிக்கலாகும்: குடியேறப் போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, சுற்றுலா என்று சொல்கிறீர்களே என்ற கேள்வி வரும். விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்டால் மறைக்கவே கூடாது.

அங்கேயே போய் இருந்துவிடுவது என்று நீங்களும் மகளும் பேசி முடிவெடுத்தால், மகன் ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடியுரிமை அலுவலகத்தில் போட வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அங்கே விசா கட்டணம் 325, ஆதரவு உறுதிமொழிக்கு 120, விசா கிடைத்த பிறகு அட்டைக்காக 235. மொத்தம் 1,300 டாலர் சுற்றி. மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலுக்கான மும்பை பயணமும் தனி. எல்லாமாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா சென்டர் கட்டத்தில் ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டுவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், ஜாக்கிரதை.

பணம் சம்பந்தமாக ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியை மகன் கொடுக்க வேண்டும். அவருடைய வருமானம் அந்த நாட்டின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். மகன், மருமகள், பேரன், நீங்கள் என்று நான்கு பேர் கணக்கில், 2025 அளவுப்படி 40,187 டாலர். சம்பளம் குறைவென்றால் வேறொரு குடிமகனோ கிரீன் கார்டுகாரரோ இணை ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். இது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து அல்ல. நீங்கள் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது நிரந்தரமாக அந்த நாட்டை விட்டு வரும்வரை மகனைச் சட்டப்படி கட்டிப்போடும் ஒப்பந்தம். அத்தோடு உங்கள் வயது, உடல்நிலை, சொத்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூதரக அதிகாரி எடைபோடுவார். மகனின் வருமானம் எல்லைக்கோட்டில் நின்றால் இணை ஆதரவாளரை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இனி காகிதங்கள். நம் பக்கத்துக் குடும்பங்களின் கோப்புகள் தேங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் மகனின் பிறப்புச் சான்றிதழ். தாய்-மகன் உறவுக்கு அடிப்படை ஆதாரம் அதுதான், உங்களுடையது அல்ல. சென்னை மாநகராட்சிப் பதிவில் இருந்தால் மாநகராட்சி இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் இரண்டு இடங்களைப் பாருங்கள். குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதா? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் பிறந்த அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது சகஜம். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு போய்விடும். அடுத்தது, தாயின் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயரை மருத்துவமனையில் சொல்லியிருப்போம். சான்றிதழில் விஜயா, பாஸ்போர்ட்டில் விஜயலட்சுமி என்று இருந்தால் அமெரிக்க அதிகாரிக்கு அவர்கள் இரண்டு வேறு பெண்கள். மண்டல அலுவலகச் சுகாதாரப் பிரிவில் பெயர் சேர்க்கவோ திருத்தவோ முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் பெயரில்லாத சான்றிதழையே வைத்து, மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பழைய குடும்ப அட்டை, இரு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள். உங்களிடம் இருக்கும் குடும்ப ஓய்வூதிய ஆணையை மறக்காதீர்கள். கணவர் பெயர், உங்கள் பெயர், உறவு மூன்றும் ஒரே அரசுத் தாளில் இருக்கும் வலுவான துணை ஆதாரம் அது.

அடுத்து உங்கள் பிறப்பு. நீங்கள் பிறந்த காலத்தில் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் இல்லை. 2011 இல்தான் சேர்ந்தது. அதனால் ரிப்பன் மாளிகைக்குப் போய் நின்றால் அலைச்சல்தான் மிச்சம். மண்டலம் 1 அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். அந்தக் கால ஏடு அங்கே இல்லை என்றால் யார் கையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். பதிவு இல்லை என்று உறுதியானால், பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, ஊர், எந்த ஆண்டு ஏடுகளைத் தேடினார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். "பதிவு காணப்படவில்லை" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து முழுமையாகக் கேளுங்கள். அதனோடு உங்கள் பள்ளிச் சான்று, கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானச் சான்று, உங்களைவிட மூத்த, உங்கள் பிறப்பை நேரடியாக அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரம். 66 வயதில் நம்மைவிட மூத்தவரைத் தேடுவது கடினம். பெரியம்மாவோ அக்காவோ இருந்தால் இந்த மாதமே வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பிரமாணப் பத்திரம் எழுதுபவர் தன் வயது, முகவரி, உங்களுக்கு என்ன உறவு, அந்தப் பிறப்பு தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். கடைசி விவரம்தான் முக்கியம். நோட்டரி அலுவலகத்தில் அடித்துவைத்திருக்கும் மாதிரியில் அது இருப்பதில்லை. கோட்டாட்சியர் உத்தரவு வாங்கி இப்போது புதிதாகப் பிறப்பைப் பதிவதும் உண்டு. ஆனால் அறுபது வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழை மட்டும் கொடுத்தால் அமெரிக்கத் தரப்பு அதற்கும் பழைய ஆதாரம் கேட்கும்; எப்படியும் மேலே சொன்னவை வேண்டும்.

பாஸ்போர்ட்டைத் திறந்து 'சர்நேம்' கட்டத்தைப் பாருங்கள். நம் தமிழ்ப் பெண்கள் பலருக்கு அது காலியாக இருக்கும். அப்படியானால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் 'தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். அங்கே போனபின் வங்கி, ஓட்டுநர் உரிமம், மருத்துவமனை எல்லா இடத்திலும் அது தொந்தரவு. மகன் மனு போடுவதற்கு முன்பே கணவர் பெயரையோ தந்தை பெயரையோ அந்தக் கட்டத்தில் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான், கட்டணம் 500 ரூபாய். கணவரின் இறப்புச் சான்றிதழும் வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை தூதரகம் பட்டியலிட்டுள்ள மருத்துவரிடம் மட்டும். இதில் காசநோய் விஷயத்தை எல்லோருக்கும் சொல்வதுண்டு: எப்போதோ வந்து ஆறிய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட மூன்று முறை சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம்வரை ஆகும். பழைய சிகிச்சைச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள். விமான டிக்கெட்டை அதற்கு முன்னால் போடாதீர்கள். நேர்காணல் ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள நம் துணைத் தூதரகத்தில் நடக்காது. குடியேற்ற விசாவுக்கு மும்பை போக வேண்டும்.

கார்டு கையில் வந்த பிறகு உள்ள விதிகளைத்தான் ஏஜென்டுகள் யாரும் சொல்வதில்லை. 180 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பினால் புதிதாக நுழைகிறவரைப் போலக் கேள்வி கேட்பார்கள். ஒரு வருடம் தாண்டினால் அந்த அட்டையை வைத்து நுழைய முடியாது. நீண்ட நாள் இங்கே இருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், கிளம்புவதற்கு முன் அங்கே இருக்கும்போதே ஐ-131 போட்டு ரீ-என்ட்ரி பர்மிட் கேட்க வேண்டும். இரண்டு வருடம்வரை கிடைக்கும், கைரேகையும் அங்கேதான் எடுப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். வீடு எங்கே என்பதுதான் கேள்வி, எத்தனை முறை வந்தீர்கள் என்பதல்ல. விமான நிலையத்தில் ஐ-407 என்ற தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அது கிரீன் கார்டை நீங்களாகவே திருப்பித் தருவதாக எழுதும் தாள். கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. குடியேற்ற நீதிபதி முன் வழக்கைச் சொல்ல உரிமை இருக்கிறது. இதை மகனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பதினெட்டு மணி நேரம் பறந்து களைத்துப்போய் நிற்கும் நேரத்தில் நீட்டுவார்கள்.

மருத்துவச் செலவு இன்னொரு பெரிய கணக்கு. 65 வயது தாண்டியவருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், தொடர்ந்து ஐந்து வருடம் அங்கே வாழ்ந்த பிறகுதான். அப்போதும் அங்கே உழைத்த வரலாறு இல்லாததால் மருத்துவமனைப் பிரிவுக்கு மாதத் தொகை கட்டியே ஆக வேண்டும். 2025 இல் அது 518 டாலர், மருத்துவர் செலவுப் பிரிவுக்கு 185. முதல் ஐந்து வருடத்துக்கு மகன் தனியார் காப்பீட்டை விலைகொடுத்து வாங்க வேண்டும். மனு போடுவதற்கு முன்பே அந்த மாதத் தொகையைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் குடியுரிமை வாங்க நினைத்தால் அதற்கான தேர்வும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 55 வயதுக்கு மேற்பட்டவர் தாய்மொழியில் தேர்வு கொடுக்க 15 வருடம் கிரீன் கார்டு வைத்திருக்க வேண்டும்.

இந்திய ஓய்வூதியம் நிற்காது. கிரீன் கார்டால் இந்தியக் குடியுரிமையும் போகாது. ஆயுள் சான்றை வெளிநாட்டிலிருந்து எப்படித் தருவது என்று ஓய்வூதியப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அட்டை வந்த பிறகு ஓய்வூதியமும் டெபாசிட் வட்டியும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டியவை. இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கையும் உண்டு. கணவரின் பணிக்கொடைப் பணம் வைப்பு நிதியில் இருந்தால் சுலபமாகத் தாண்டிவிடும். விட்டுவிட்டால் அபராதம் கடுமை.

கடைசியாக மகள். அவளுக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் நீளமானவை. மகன் தன் சகோதரிக்காக எஃப்-4 பிரிவில் ஐ-130 போடலாம். 2025 இல் இந்தியர்களுக்கு 2006 இல் போட்ட மனுக்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தன. வரிசை அவ்வளவு நீளம். இதில் ஒரு நன்மை, நடுவில் அவளுக்குத் திருமணம் ஆனாலும் மனு உயிரோடு இருக்கும், கணவரும் பிள்ளைகளும் கூடவே போகலாம். இரண்டாவது, நீங்கள் கிரீன் கார்டு வாங்கிய பிறகு திருமணமாகாத மகளுக்காக எஃப்-2பி பிரிவில் போடுவது. இங்கே வரிசை எட்டு, ஒன்பது வருடம். ஆனால் நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன் அவள் திருமணம் செய்தாலோ, நீங்கள் கிரீன் கார்டை விட்டுவிட்டாலோ மனு அன்றே செத்துவிடும். இந்த ஒரு வரிசைக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மகளை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எஃப்-4 மனுவை மகன் இப்போதே போடட்டும். நீங்கள் போகிறீர்களா இல்லையா என்ற முடிவுக்கு அது காத்திருக்க வேண்டியதில்லை. மனு சேர்ந்த தேதிதான் வரிசையில் அவள் இடம். அதற்குத் தேவை அண்ணன் தங்கை இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி. மண்டல அலுவலகத்துக்குப் போகும்போது மகளுடைய சான்றிதழையும் கையோடு எடுத்துப் போய், திருத்தம் தேவையானால் இரண்டுக்கும் ஒன்றாகவே மனுக் கொடுத்துவிடுங்கள். எஃப்-4 மனு இருப்பதால் மகளுக்கு டூரிஸ்ட் விசா கிடைக்காது என்று விதி இல்லை. ஆனால் படிவத்தில் குடியேற்ற மனு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுத வேண்டும். நிலையான வேலை, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம் எல்லாம் அப்போது கையில் இருக்கட்டும்.